திருச்செந்தூருக்குப் போன டைகர்

அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் கொண்டாட்டம். எங்கள் நாய்க்கு. நான் இருக்கும் இந்த இங்கிலாந்துக் கரையோரத்தில், பல கடற்கரைகளில் மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நாய்களுக்குத் தடை. மனுஷர்கள் துண்டை விரித்துப் போட்டு வெயில் காயும் மாதங்கள் அவை. குளிர் வந்து அவர்கள் வீட்டுக்குப் போனபிறகு கடல் நாய்களுடையது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கல்லிலிருந்து எந்தப் படிக்கட்டு வரை, மீறினால் எவ்வளவு அபராதம் என்றெல்லாம் பலகையில் எழுதி நட்டிருப்பார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நாய்க்குக்கூடச் சட்டம் எழுதி வைத்திருக்கிறான் பாருடா என்று. இப்போது சிரிப்பு வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கிலியை அவிழ்த்துவிட்டதும் நேரே அலைக்கு ஓடியது. நுரையைக் கடித்தது. நுரை வாயில் நிற்கவில்லை என்றதும் கோபம் வந்து இன்னொரு தடவை கடித்தது. மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, உங்க ஊர்ல நாயை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றாள். "எங்க ஊர்ல பீச்சே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. கேரளாவில் 14 மாவட்டங்கள், அதில் 9-க்குக் கடல் உண்டு. கடல் இல்லாத ஐந்தில் இடுக்கி ஒன்று, பாலக்காடு ஒன்று. ஆனால் ஒரே ஒரு தடவை நாங்கள் நாயோடு கடலுக்குப் போயிருக்கிறோம். 1983 ஏப்ரலில். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். (என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததுதான் :)

கடற்கரைக்கு "சும்மா" போவது என்பதே உலகத்தில் ரொம்பப் புதிய பழக்கம். இங்கே அதை ஆரம்பித்து வைத்தவர்கள் டாக்டர்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற வைத்தியர் 1750-ல் கடல் தண்ணீரால் சுரப்பி நோய்கள் குணமாகும் என்று லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். குளிப்பது மட்டுமில்லை, குடிக்கவும் சொன்னார்! பணக்கார நோயாளிகள் பிரைட்டனுக்குப் படையெடுத்தார்கள். மீன்பிடிக் கிராமம் சுற்றுலா ஊரானது. அதே பிரைட்டனில் 1814-ல் பாட்னாக்காரர் ஒருவர் போய் இறங்கினார், சேக் தீன் முகமது என்று பெயர். ஆவிக் குளியலும் நம் ஊர் மாலிஷும் சேர்த்து ஒரு குளியல் நிலையம் நடத்தி, நாலாம் ஜார்ஜ் மன்னருக்கே மாலிஷ் வைத்தியர் ஆனார். தலைக்குப் போடும் ஷாம்பு என்ற சொல்லே நம் பக்கத்து 'சம்பி'யிலிருந்து போனதுதான். வெளிநாட்டில் பிழைக்க வந்த எவனுக்கும் இந்த மனுஷரைப் பற்றிப் படித்தால் ஒரு தெம்பு வரும்.

நமக்குக் கடல் என்றால் வேறு. மீன்பிடிப்பவர்களுக்குத் தொழில். மற்றவர்களுக்கு அமாவாசை, தர்ப்பணம், நேர்த்திக்கடன், அஸ்தி. மெரினாவில் காற்று வாங்க நடைபாதை போட்டது கவர்னர் கிராண்ட் டஃப், 1884-ல். அதுவும் வெள்ளைக்காரர் வழக்கம்தான்.

எங்கள் மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு தேயிலை வழியாக வந்தது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1880-களில் தேயிலை வந்தது. விளைந்த தேயிலை லண்டனுக்குப் போக வேண்டுமே? மேற்கே கொச்சி இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் காடும் ஆறும். கிழக்கேதான் வழி இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். முதலில் 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908-ல் நீராவி எஞ்சின். டாப் ஸ்டேஷன் மலை விளிம்பிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து போடிநாயக்கனூர். போடியிலிருந்து மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம் (இன்றைய கொடைக்கானல் ரோடு). அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடித் துறைமுகம். 1924 ஜூலை வெள்ளத்தில், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்களே அதில், அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவில்லை. இன்று வரை இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தேயிலை எந்த வழியாக இறங்கியதோ கிட்டத்தட்ட அதே வழியாக ஆட்கள் ஏறினார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர்கள். என் பூட்டன் கயத்தாறுப் பக்கம். அவருடைய ஊரிலிருந்து தூத்துக்குடிக் கடல் ஒரு நாள் நடை. மலை ஏறியபிறகு எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை கடலைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கிள்ளிய கொழுந்து மட்டும் வருஷா வருஷம் கடல் தாண்டிப் போனது.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது, நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் கேட்ட தாலுகாக்களில் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றன. மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காடும் கேரளாவுக்குப் போனது. ஆச்சி இதை ஒரே வரியில் சொல்வாள்: "கடல அங்கிட்டு வச்சிக்கிட்டான், நம்மள இங்கிட்டு விட்டுட்டான்." அரசியல் விஞ்ஞானிகள் மன்னிக்க :)

சரி, டைகருக்கு வருவோம்.

தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லயத்தில், பத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. லயத்து நாய்களின் பெயர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். டைகர், ஜிம்மி, டாமி, ராணி. ராணியைத் தவிர எல்லாம் துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்த பெயர்கள். நாய்கள் கிழக்கே இருந்து ஏறி வந்தவை. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான் கோம்பை. கொஞ்சம் தெற்கே தள்ளி ராஜபாளையம், சிப்பிப்பாறை. கோவில்பட்டி, கழுகுமலைச் சுற்றில் கன்னி நாய். தமிழ்நாட்டின் பேர்பெற்ற நாய் இனங்கள் நாலும் எங்கள் ஆட்கள் புறப்பட்டு வந்த வழியிலேயே இருக்கின்றன. 2005-ல் தபால் துறை நாய்களுக்கு வெளியிட்ட நாலு தபால்தலையில் ராஜபாளையமும் ஒன்று. டைகர் இதில் எதுவும் இல்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்த செவலை. ஆச்சி மட்டும் "கோம்பை ரத்தம்டா" என்று கடைசி வரை சாதித்தாள்.

முழுப் பரீட்சை லீவில் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. லயத்தில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து லாரி பிடித்தோம். கிடா ரெண்டு, சேவல் நாலைந்து, பாத்திர பண்டம், பிள்ளைகள். லாரி போடிமெட்டு இறங்கி முதல் டீக்கடையில் நின்றபோதுதான் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் டைகர் படுத்திருப்பதைப் பார்த்தோம். அப்பா தலையில் கை வைத்தார். மறுபடி மலை ஏற்றி விட்டுவிட்டு வர முடியுமா? வந்தது வந்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு போனோம்.

கொடை முடிந்து எங்கள் குடும்பம் மட்டும் திருச்செந்தூர் போனது. தம்பிக்கு மொட்டை பாக்கி இருந்தது. மாமா ஒருவர் உரம் ஏற்றப் போன வண்டியில் எங்களை ஏற்றிவிட்டார், டைகரும் ஏறியது.

திருச்செந்தூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு படைவீடுகளில் அலை வந்து மோதும் கோயில் அது ஒன்றுதான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக் கோட்டையாக வைத்துக்கொண்டார்கள். சுவாமி சிலையைத் தூக்கிக்கொண்டு போய், புயலுக்குப் பயந்து கடலில் போட்டதாகவும், வடமலையப்ப பிள்ளை தேடி எடுத்ததாகவும் சொல்வார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, உலகம் அங்கே முடிந்துவிட்டது என்பதுதான். மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு மலை கண்ணை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றுமில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்று சிரித்தாள். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து சுமந்து கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்கும் அவளுக்கு. அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததும் எனக்கு அதுதான் முதல்.

டைகர் முதலில் குரைத்தது. அலை வந்தால் பின்வாங்கும், போனால் விரட்டும். அப்புறம் நுரையைக் கடித்தது. தாகத்தில் உப்புத் தண்ணீரை நக்கிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் மணலில் வாந்தி எடுத்தது. அப்பா ஓடிப்போய் ஒரு டீக்கடையில் கெஞ்சி, தகர டப்பாவில் நல்ல தண்ணீர் வாங்கி வந்து வைத்தார். நாள் முழுக்க அது மணலில் உருண்டது. எங்கள் நாலு பேரில் யாரையும் விட அன்றைக்கு அதுதான் அதிக சந்தோஷமாக இருந்தது என்று இன்னும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை பஸ் நிலையம். கண்டக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "நாயெல்லாம் ஏத்தப்படாது, இறக்குங்க."

"அண்ணாச்சி, ஒரு முழு டிக்கெட் போட்டுக்கிடுங்க. கடிக்காது அண்ணாச்சி."

"யாரையாவது கடிச்சா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. நீரா வந்து போடுவீரு?"

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெறிநாய்க்கடி என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் அந்தப் பதினாலு ஊசிதான் நினைவுக்கு வரும். குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது, ஆனால் அந்த வயிற்று ஊசி நம் ஊரில் ஒழிய 2000-க்கு மேல் ஆனது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. அதே பஸ்ஸில் முன் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடிச் சேவல் கால் கட்டி உட்கார்ந்திருந்தது. கூரைமேல் ஒரு வெள்ளாடு. அவற்றுக்கு விலை உண்டு, அதனால் லக்கேஜ்.

இன்னும் இரண்டு பஸ்ஸில் கேட்டார். அதே பதில். திங்கட்கிழமை மஸ்டருக்கு நிற்காவிட்டால் அப்பா அம்மா இரண்டு பேர் சம்பளமும் போகும். கையில் காசு பஸ்ஸுக்குச் சரியாக இருந்தது. அப்பா டைகரை அந்த டீக்கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தனியாக வந்தார். வேட்டியில் கிழித்த துண்டால் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். பஸ் முக்கு திரும்பும்போது பின் கண்ணாடியில் பார்த்தேன், துண்டு கழுத்தில் தொங்க அது ஓடி வந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையை மடியில் அமுக்கிக்கொண்டாள். ஆறுமுகநேரி தாண்டும்வரை விடவில்லை.

அப்பா அந்த டீக்கடைக்கு இரண்டு போஸ்ட் கார்டு போட்டார். பதில் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன் பாலக்காட்டுக்காரன், அவன் அப்பா ரயில்வேயில் வேலை. பேச்சுவாக்கில் அவர்கள் வீட்டு நாயைக் கோழிக்கோடு கடற்கரைக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னான். பாலக்காட்டுக்கு அந்த வசதி உண்டு. 1860-களிலேயே மதராஸ் ரயில்வே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபார்க் கடலைத் தொட்டுவிட்டது. "நாயை எப்படிடா ரயிலில் ஏற்றினாய்?" என்றேன். அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை. கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு இருக்குமே, எடைக்குக் காசு கட்டி ரசீது வாங்க வேண்டியதுதானே என்றான். முதல் வகுப்பில் தனி அறையாக எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாமாம்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1983-ல் திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஓடியது. மதுரையிலிருந்து போடிக்கும் ஓடியது. 2010 கடைசியில் நிறுத்தி, 2023 ஜூனில் அகலப் பாதையாகத் திரும்பி வந்ததே, அதே பாதைதான். போடி வந்துவிட்டால் ஜீப் டிரைவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். ஒரு ரசீது, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் தன் வேட்டை நாய்களுக்காக எழுதிய விதி, சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ரயிலே இல்லாத மாவட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது யார் சொல்லித் தெரியும்?

இங்கே வந்தபிறகு இன்னொன்றும் படித்தேன். வெறிநாய் நோய்க்குப் பயந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பிரிட்டனுக்குள் வரும் நாயை ஆறு மாதம் தனியாக அடைத்து வைக்க வேண்டும் என்று சட்டம். 1922-ல் இந்த நாட்டில் அந்த நோயை ஒழித்தும்விட்டார்கள், சட்டம் மட்டும் 2000 வரை அசையவில்லை. அப்படியென்றால் எஸ்டேட்டை விட்டு ஊர் திரும்பிய துரைகளும் எத்தனை டைகர்களை மலையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருப்பார்கள்? துரைக்காக நான் பரிதாபப்பட்டது அநேகமாக அது ஒன்றுக்குத்தான்.

நாய் மனுஷனை விட்டுவிட்டுப் போன கதை நம் சரித்திரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாடுபிடிச் சண்டையில் செத்தான். கூடவே நின்று கள்ளர் இருவரைக் கடித்த அவன் நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் உண்டு, பெயரும் உண்டு: கோவிவன். 2004 சுனாமி அன்று புதுச்சேரிப் பக்கம் சின்னக்காலாப்பட்டில், கடலோரக் குடிசைக்குள் ஓடிய ஏழு வயதுப் பையனைச் சட்டையைக் கவ்வி மேட்டுக்கு விரட்டிக் காப்பாற்றியது செல்வகுமார் என்ற நாய். (ஆமாம், நாயின் பெயர்தான்.)

அப்புறம் குவி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர். 66 உடல்கள்தான் கிடைத்தன. போனவர்களில் பெரும்பாலானோரின் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம், எங்கள் ஆட்கள். நான் இங்கே விடிய விடிய போனில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள், ஆற்றில் வெகுதூரம் கீழே ஓரிடத்தில் ஒரு லயத்து நாய் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது, நகரவில்லை. அங்கே தேடியபோது அந்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தை கிடைத்தாள். நாயின் பெயர் குவி. இடுக்கி போலீஸ் நாய்ப் பிரிவு கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொண்டது, 2021-ல் குழந்தையின் பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவரும் டிவியில் பார்த்திருந்தார். இரண்டு பேரும் டைகரைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா இப்போது போடியில் இருக்கிறார். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதனால் மலை இறங்கிவிட்டார். அம்மா இல்லை. ஞாயிறு ராத்திரி வழக்கம்போலப் பேசும்போது, நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனதைச் சொன்னேன்.

"எப்படிப் போனீய? கார்லயா?"

"இல்லப்பா, ரயில்ல."

"நாய ஏத்துறானா?"

"ஏத்துறான். டிக்கெட்டே கிடையாது. ஆளுக்கு ரெண்டு நாய் வரைக்கும் ஓசி."

போன் வேலை செய்கிறதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேலை செய்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "நல்ல தண்ணி எடுத்துட்டுப் போனியா? உப்புத் தண்ணியக் குடிச்சா வாந்தி எடுக்கும்லே."

எடுத்துப் போயிருந்தேன் என்றேன்.